டிவியில் லேப்டாப் திரையின் ஓரங்கள் வெட்டுப்படுகின்றன, ஸ்லைடரில் சுருக்கினால் எழுத்து மங்குகிறது

கேட்டவர்: தேதிகாணோம்

லேப்டாப்பில் விண்டோஸ் 11, ஏஎம்டி கிராஃபிக்ஸ். அதன் திரை 1366×768. டிவி 43 இன்ச் ஃபுல் ஹெச்டி. நேரடி எச்டிஎம்ஐ கேபிள், நடுவில் ஸ்ப்ளிட்டரோ கன்வெர்ட்டரோ கிடையாது. டூப்ளிகேட்டில் போட்டிருக்கிறேன்.

டிவியில் டாஸ்க்பாரின் அடிப்பாகம் போய்விடுகிறது. கடிகாரத்தில் மணி தெரிகிறது, அதன் கீழே உள்ள தேதி தெரியவில்லை. விண்டோவைப் பெரிதாக்கினால் மூலையில் இருக்கும் க்ளோஸ் பட்டன் பாதிதான் வருகிறது. ஏஎம்டி சாஃப்ட்வேரில் எச்டிஎம்ஐ ஸ்கேலிங் ஸ்லைடரை நகர்த்தினால் நாலு ஓரமும் உள்ளே வந்துவிடுகின்றன. ஆனால் எக்செல்லில் 3, 6, 8 எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது. விண்டோஸ் ஸ்கேலை 125, 100 என்று மாற்றினாலும் வெட்டு அப்படியே இருக்கிறது. எங்கே கை வைப்பது?

---

ஜாக்கிசெட்

கேபிளை மாத்திப் பாருங்க ப்ரோ. பழைய கேபிள்ல இப்படித்தான் வரும்.

---

வயர்மேன்

கேபிளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எச்டிஎம்ஐ டிஜிட்டல் சமாச்சாரம். கேபிள் கெட்டால் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், நொடிக்கணக்கில் திரை கருப்பாகும், அல்லது சிக்னலே வராது. நாலு ஓரத்தையும் சமமாக வெட்ட கேபிளுக்குத் தெரியாது. காசை வீணாக்க வேண்டாம்.

வெட்டுவது டிவி. ஓவர்ஸ்கேன் என்று பெயர். பிக்சர் டியூப் காலத்தில் எந்த இரண்டு டிவியும் ஒரே அளவில் படம் காட்டாது, ஓரங்கள் வளையும், மேலே ஒளிபரப்போடு வரும் தகவல் வரிகள் வெள்ளைக் கோடுகளாகத் துடிக்கும். அதையெல்லாம் மறைக்கப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் தள்ளினார்கள். தட்டை டிவிக்கு அந்தத் தேவை இல்லை, பழக்கம் மட்டும் தொடர்கிறது. சினிமா பார்க்கும்போது யாரும் கவனிப்பதில்லை. கம்ப்யூட்டர் போட்டால்தான் குட்டு வெளிப்படும்.

உங்கள் அமைப்பில் படம் மூன்று இடங்களில் அளவு மாறுகிறது. எது எங்கே நடக்கிறது என்று பிரித்தால் வேலை முடிந்த மாதிரி.

முதலில் டூப்ளிகேட்டை விடுங்கள். லேப்டாப் திரை 1366×768, டிவி 1920×1080. டூப்ளிகேட்டில் இரண்டுக்கும் ஒரே படம் போக வேண்டும் என்பதால் விண்டோஸ் சின்னதற்கு இறங்கி வருகிறது. அந்த 1366-ஐ யாரோ 1920-க்கு இழுக்கிறார்கள். ஒரு பிக்சல் சுமார் 1.4 பிக்சலாகும்போது எழுத்து மங்காமல் என்ன செய்யும்? விண்டோஸ் பட்டனோடு பி அழுத்தி, செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி போடுங்கள். லேப்டாப் திரையும் வேண்டுமென்றால் எக்ஸ்டெண்ட்.

அடுத்து செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. மேலே டிவியைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு வரி வரும்: டெஸ்க்டாப் மோட், ஆக்டிவ் சிக்னல் மோட். இரண்டும் 1920×1080 என்று இருக்க வேண்டும். வேறு வேறாக இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் நடுவில் இழுக்கிறது என்று அர்த்தம். இந்த இரண்டு வரியைப் பார்க்காமல் எந்த ஸ்லைடரையும் தொடாதீர்கள்.

மூன்றாவது, அந்த எச்டிஎம்ஐ ஸ்கேலிங் ஸ்லைடரை 0-க்குக் கொண்டு போங்கள். டிவி பக்கத்துக்கு 2.5 சதவீதம் வெட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்லைடர் 1920×1080 படத்தை 1824×1026-க்குச் சுருக்கிச் சுற்றிலும் கருப்புச் சட்டம் வைக்கிறது. டிவி அந்தச் சட்டத்தை வெட்டி, மிச்சத்தை மறுபடி 1920-க்குப் பெரிதாக்குகிறது. ஒரு தடவை சுருக்கல், ஒரு தடவை இழுப்பு. ஓரம் சரியாகத் தெரியும், எழுத்து போய்விடும். என்விடியாவில் டெஸ்க்டாப் ரீசைஸ் செய்தால் டெஸ்க்டாப்பே 1824×1026 ஆகிவிடும், அதனால் டிவியின் இழுப்பு மட்டும்தான் மிஞ்சும். கொஞ்சம் தேவலை, ஆனாலும் சரியான வழி இல்லை.

விண்டோஸ் ஸ்கேல் 100, 125 என்பது எழுத்தும் ஐகானும் எவ்வளவு பெரிதாக வரைவது என்பது மட்டும். வெட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இதெல்லாம் ஆனபின் டிவி ரிமோட்டை எடுங்கள். எல்ஜியில் ஆஸ்பெக்ட் ரேஷியோவுக்குள் ஜஸ்ட் ஸ்கேன். சாம்சங்கில் பிக்சர் சைஸுக்குள் ஸ்கிரீன் ஃபிட் அல்லது ஃபிட் டு ஸ்கிரீன். சோனியில் டிஸ்ப்ளே ஏரியாவை ஃபுல் பிக்சல் ஆக்க வேண்டும். ஷார்ப்பில் டாட் பை டாட். மற்றவற்றில் ஓவர்ஸ்கேன் என்றே ஒரு சுவிட்ச், அல்லது 1:1. பெயர் எதுவானாலும் காரியம் ஒன்றுதான்: வந்த பிக்சலை வந்தபடி காட்டு.

---

தேதிகாணோம்

நன்றி சார். செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி போட்டதுமே எழுத்து பாதி தெளிந்துவிட்டது. ஸ்லைடர் 0. டெஸ்க்டாப் மோட், சிக்னல் மோட் இரண்டும் 1920×1080, 60 ஹெர்ட்ஸ். ஸ்கேல் 100. தேதி வரி இன்னும் காணோம். டிவி மெனுவில் 16:9, 4:3, ஜூம் 1, ஜூம் 2 மட்டும்தான் இருக்கிறது. ஓவர்ஸ்கேன் என்ற வார்த்தையே எங்கும் இல்லை.

---

வயர்மேன்

அப்படியானால் கணக்கும் ஒத்துப்போகிறது. விண்டோஸ் 11-இல் ஸ்கேல் 100 என்றால் டாஸ்க்பார் உயரம் 48 பிக்சல். 1080-இல் 2.5 சதவீதம் 27 பிக்சல். பாதிக்கு மேல் போகிறது, மணி தப்புகிறது, தேதி மாட்டுகிறது. இப்போது மிச்சமிருப்பது டிவி வெட்டு மட்டும்.

---

பிக்சல்கணக்கு

மெனுவில் இல்லையென்றால் இந்த வரிசையில் போங்கள்.

இன்புட் பட்டியலில் அந்த எச்டிஎம்ஐ போர்ட்டின் பெயரை பிசி என்று மாற்ற முடிகிறதா பாருங்கள். வெறும் பெயர்ப்பலகை என்று நினைக்க வேண்டாம். சாம்சங், எல்ஜி போன்றவற்றில் பெயரை மாற்றினால் டிவி நடந்துகொள்ளும் விதமே மாறும். வெட்டு நிற்கும், எழுத்தைச் சுற்றி வரும் நிறக் கசிவும் நிற்கும். பழைய மாடல்களில் டிவிஐ பிசி என்று இருக்கும் (டிவிஐ என்பது கம்ப்யூட்டர் மானிட்டர்களுக்கான பழைய இணைப்பு வகை). சில டிவிகளில் ஒரு குறிப்பிட்ட போர்ட்டில் மட்டும் இது வேலை செய்யும், போர்ட்டுக்குப் பக்கத்தில் பிசி அல்லது டிவிஐ என்று அச்சடித்திருக்கும். அதில் செருகுங்கள்.

அதுவும் இல்லையென்றால் டிவியை ஏமாற்ற வேண்டும். 1080பி 60 ஹெர்ட்ஸுக்கு டிவி உலகின் டைமிங், அதாவது படத்தை அனுப்பும் கணக்கு, ஒன்று இருக்கிறது: கண்ணுக்குத் தெரியாத ஓரங்களையும் (இதற்குத்தான் பிளாங்கிங் என்று பெயர்) சேர்த்து 2200×1125, பிக்சல் க்ளாக், அதாவது பிக்சல்கள் போகும் வேகம், 148.5 மெகாஹெர்ட்ஸ். இந்த டைமிங் வந்தால் பல டிவிகள் இது செட்டாப் பாக்ஸ் என்று முடிவு கட்டி வெட்டிவிடும். அதே 1920×1080-ஐ மானிட்டர் உலகின் குறைந்த பிளாங்கிங் டைமிங்கில் அனுப்பலாம்: 2080×1111, 138.5 மெகாஹெர்ட்ஸ். டிவிக்கு இது பழக்கமில்லாத சிக்னல், பிசி என்று எடுத்துக்கொண்டு வெட்டாமல் விட நிறைய வாய்ப்பு உண்டு.

ஏஎம்டி சாஃப்ட்வேரில் டிஸ்ப்ளே, கஸ்டம் ரெசல்யூஷன்ஸ், கிரியேட். அகலம் 1920, உயரம் 1080, ரெஃப்ரெஷ் 60. டைமிங் ஸ்டாண்டர்டில் சிவிடி ரெட்யூஸ்டு பிளாங்கிங் தேர்ந்தெடுத்து சேமியுங்கள். என்விடியாக்காரர்களுக்கு இதில் பாதி வேலை மிச்சம். கன்ட்ரோல் பேனலில் ரெசல்யூஷன் பட்டியல் இரண்டாகப் பிரிந்திருக்கும், அல்ட்ரா ஹெச்டி, ஹெச்டி, எஸ்டி என்று ஒன்று, கீழே பிசி என்று ஒன்று. 1920×1080-ஐக் கீழே உள்ளதில் தேர்ந்தெடுங்கள்.

டிவி இந்த டைமிங்கை ஏற்காவிட்டால் நோ சிக்னல் வரும். பதற வேண்டாம். கீபோர்டைத் தொடாமல் 15 விநாடி காத்திருந்தால் பழையபடி திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கேபிளைக் கழற்றி, லேப்டாப் திரையில் அந்த ரெசல்யூஷனை நீக்கிவிட்டுச் செருகுங்கள்.

யூட்யூப் பார்த்து சர்வீஸ் மெனுவுக்குள் மட்டும் போகாதீர்கள். ஓவர்ஸ்கேன் எண் அங்கே இருக்கும்தான். பக்கத்திலேயே பேனல் வகையும் இருக்கும், அதை ஒரு படி தப்பாக மாற்றினால் படம் தலைகீழாகவோ நிறம் மாறியோ வரும், திரும்பி வரும் வழியும் தெரியாது.

---

55இன்ச்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எனக்கு வேறு மாதிரி. 4கே டிவி, வெட்டு எதுவும் இல்லை. ஆனால் செருகியதும் விண்டோஸ் ஸ்கேல் தானாக 300 சதவீதம் ஆகி எல்லாம் பூதாகரமாக இருக்கிறது. கருப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து கலைந்து தெரிகிறது.

---

பிக்சல்கணக்கு

இரண்டும் தனித்தனிப் பிரச்சினை. 300 என்பது சோபாவில் உட்கார்ந்து பார்ப்பீர்கள் என்ற விண்டோஸின் ஊகம். 150 அல்லது 200 வையுங்கள். ரெசல்யூஷனை 1080-க்குக் குறைத்து சமாளிக்காதீர்கள், 3840×2160-இலேயே இருக்கட்டும். மாற்றியபின் ஒருமுறை சைன் அவுட் செய்து வாருங்கள், இல்லாவிட்டால் திறந்திருந்த சில பழைய புரோகிராம்கள் மங்கலாகவே நிற்கும்.

சிவப்பு கலைவது நிறத் தகவலைக் குறைத்து அனுப்புவதால். 4கே 60 ஹெர்ட்ஸ் முழு நிறத்தோடு, அதாவது ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி நிறம் தரும் ஆர்ஜிபி அல்லது 4:4:4 ஆகப் போக எச்டிஎம்ஐ 2.0 வேண்டும், விநாடிக்கு 18 ஜிகாபிட். போர்ட் அந்த வேகத்துக்குத் திறக்காமல் இருந்தால் டிரைவர் சத்தமில்லாமல் 4:2:0-க்கு இறங்கிவிடும். நாலு பிக்சலுக்கு ஒரே நிறம். சினிமாவுக்குப் போதும், சிவப்பு எழுத்துக்குப் போதாது. டிவியில் அந்தப் போர்ட்டுக்கு சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் அல்ட்ரா ஹெச்டி டீப் கலர், சோனியில் எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்டை என்ஹான்ஸ்டு ஆக்குங்கள். பிறகு டிரைவரில் பிக்சல் ஃபார்மட் ஆர்ஜிபி ஃபுல். இங்கேதான் கேபிளும் முக்கியம், ஜாக்கிசெட் சொன்னது உங்களுக்குப் பொருந்தும். லேப்டாப் போர்ட் எச்டிஎம்ஐ 1.4 ஆக இருந்தால் முழு நிறம் 30 ஹெர்ட்ஸில்தான் கிடைக்கும், மவுஸ் இழுபடும்.

---

ஜாக்கிசெட்

பார்த்தீங்களா, கேபிள்னு சொன்னேன் :)

---

தேதிகாணோம்

பிசி என்று பெயர் மாற்றும் வசதி என் டிவியில் இல்லை. 138.5 டைமிங் உடனே பிடித்தது. தேதி, க்ளோஸ் பட்டன் எல்லாம் வந்துவிட்டன, எக்செல்லில் 3-ம் 8-ம் தனித்தனியாகத் தெரிகின்றன. ஆனால் எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு மாதிரி ஒன்று இருக்கிறது.

---

வயர்மேன்

அது டிவியின் ஷார்ப்னெஸ். சினிமா ஓரங்களைக் கூர்மையாகக் காட்டப் போடும் பூச்சு. அந்தக் கோடு மறையும் வரை குறைத்துக்கொண்டே வாருங்கள், பெரும்பாலும் 0-இல் நிற்கும். நாய்ஸ் ரிடக்‌ஷன், டைனமிக் கான்ட்ராஸ்ட் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இவை பல டிவிகளில் போர்ட் வாரியாகச் சேமிக்கப்படும், நாளைக்கு வேறு போர்ட்டில் செருகினால் அங்கேயும் மாற்ற வேண்டியிருக்கும்.