தென்னாப்பிரிக்காவின் வெலிங்டன் விஸ்கி வடிசாலை பார்த்தவர்கள் எழுதுங்கள்

செல்வா, டர்பன்:
இந்த ஜேம்ஸ் செட்ஜ்விக் வடிசாலை என்றாலே தொடங்கிய ஆண்டு 1886, அதன் த்ரீ ஷிப்ஸ் விஸ்கி, பல ஆண்டு வடிப்புத் தலைவராக இருந்த ஆண்டி வாட்ஸ் என்றுதான் பேச்சு போகிறது. மனசை விட்டுப் போகாதது பீப்பாய்க் கிடங்குதான். கதவு திறந்ததும் மூக்கில் ஏறுகிறதே, அது மரத்தின் வழியே காற்றோடு போய்க்கொண்டிருக்கும் விஸ்கி. ஸ்காட்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் போகும். வெலிங்டன் இருக்கும் கேப் பகுதி வெயிலில் 4, 5 கூட. 200 லிட்டர் பீப்பாயில் 4 சதவீதக் கணக்கு வைத்தாலே 5 ஆண்டில் மிஞ்சுவது 163 லிட்டர், 10 ஆண்டில் 133. பழைய சரக்கின் விலைக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மாலதி, சாட்ஸ்வொர்த்:
எனக்கு விஸ்கி வடிக்கும் செம்புக் கலன்தான். அதை அழகுக்கு வைத்ததாக நினைத்துப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஊறல், அதாவது தானியக் கரைசல், நொதிக்கும்போது கந்தகச் சேர்மங்கள் உண்டாகும். ஆவி செம்பில் படும்போது அவற்றைச் செம்பு பிடித்துக்கொள்ளும். செம்பே படாமல் வடித்தால் வெந்த முட்டைக்கோஸ் நாற்றம் நிற்கும். 8 சதவீத ஆல்கஹால் உள்ள ஊறல் முதல் வடிப்பில் 20, 25 ஆகும். இரண்டாவதில் 70 அருகே ஏறும். தலையில் (முதலில்) வருவதையும் வாலில் (கடைசியில்) வருவதையும் ஒதுக்கி, நடுப்பகுதி மட்டும் பீப்பாய்க்கு. வாலை வெட்டத் தாமதித்தால் ஈரத்தோல் வாடை புகுந்துவிடும், பீப்பாய் அதை முழுக்கப் போக்காது.

கண்ணன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
அக்கா சொல்வது பார்லி மால்ட்டுக்கு, அதாவது முளைகட்டிய பார்லிக்கு. இதே வடிசாலையின் பெய்ன்ஸ் விஸ்கி மக்காச்சோளம், உயரமான தொடர்வடிப்புக் கோபுரத்தில் 94 சதவீதம் வரை ஏற்றி எடுப்பது. சோள விஸ்கி மட்டம் என்பவர்கள், 2013லும் 2018லும் உலக விஸ்கி விருதுகளில் சிறந்த தானிய விஸ்கி எது என்று பார்க்கட்டும். செல்வா அண்ணா, வெயிலை நட்டமாக மட்டும் எழுதுவது நியாயமில்லை. சூட்டில் சாராயம் மரத்துக்குள் புகும், குளிரில் வெளியே வரும். நிறமும் வனிலா மணமும் சீக்கிரம் ஏறுவது அதனால்தான். மிஞ்சிவிட்டால் மரக்கசப்பு வந்துவிடும், அதையும் சொல்ல வேண்டும்.

போகிறவர்களுக்கு: இந்த நாட்டில் விஸ்கியில் ஆல்கஹால் 43 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கிண்ணத்துக்குள் மூக்கை விடாதீர்கள், மரத்துப்போகும். விளிம்பில் வைத்து, வாயை லேசாகத் திறந்து முகருங்கள். பிறகு சில சொட்டுத் தண்ணீர், மறுபடி முகருங்கள். பனிக்கட்டி வேண்டாம், மணம் அடங்கிவிடும். வண்டி ஓட்டுபவர் ருசியே பார்க்கக் கூடாது. சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராம் ஆல்கஹால்தான். திரும்பும் வழியில் பெய்ன்ஸ் க்ளூஃப் கணவாய் ஏறுவீர்கள். ஆண்ட்ரூ கெடெஸ் பெய்ன் அமைத்து 1853ல் திறந்த சாலை, குறுகலும் வளைவும் அப்படியே இருக்கின்றன.

மாலதி, சாட்ஸ்வொர்த்:
தம்பி, கோபுரத்திலும் செம்பு வைப்பார்கள். அதே கந்தகத்துக்காகத்தான்.