ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கம்

குழு: திண்டுக்கல் வீடு

ஞாயிறு இரவு

கார்த்திக் அண்ணா: அப்பாவின் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் வந்துவிட்டது, முதல் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். சுகர், கொழுப்பு எல்லாம் பரவாயில்லை. ஆனால் "ஹெச் பைலோரி ஐஜிஜி பாசிட்டிவ்" என்று தடித்த எழுத்தில் போட்டு அம்புக்குறி வேறு. நெட்டில் தேடினால் மூன்றாவது வரியிலேயே வயிற்றுப் புற்றுநோய் என்று வருகிறது. திவ்யா, பார்த்தாயா?

ராஜி அத்தை: (பலமுறை பகிரப்பட்டது) வயிற்றில் ஒளிந்திருக்கும் கொடிய கிருமியை ஏழே நாளில் அழிக்கும் முட்டைக்கோஸ் சாறு!! வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் போதும். சொந்தங்களுக்கு உடனே அனுப்புங்கள்.

பாலு மாமா: காரம்தான் காரணம். சேகர் மச்சானுக்கு மோர் மிளகாய் இல்லாமல் தயிர் சோறு இறங்காது.

மீனா பெரியம்மா: நான் சொன்னால் கேட்டால்தானே அண்ணா.

சேகர் பெரியப்பா: எனக்கு ஒன்றும் இல்லை. கொஞ்சம் கேஸ், அவ்வளவுதான். எல்லோரும் போய்த் தூங்குங்கள்.

திவ்யா: லேப் ட்யூட்டி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். அந்த ஐஜிஜி டெஸ்டை வைத்துப் பயப்படவும் வேண்டாம், மருந்து ஆரம்பிக்கவும் வேண்டாம். ஹெச் பைலோரி என்பது வயிற்றில் வாழும் ஒரு பாக்டீரியா. அந்தக் கிருமிக்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று மட்டும்தான் இந்த டெஸ்ட் பார்க்கும். கிருமி போய் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆன பிறகும் பாசிட்டிவ் என்றே காட்டும். மொய் நோட்டில் பெயர் இருந்தால் ஆள் கல்யாணத்துக்கு வந்தார் என்று தெரியும், இன்னும் மண்டபத்தில்தான் இருக்கிறாரா என்று அதை வைத்துச் சொல்ல முடியுமா?

கார்த்திக் அண்ணா: அப்படியானால் இதை ஏன் பேக்கேஜில் வைக்கிறார்கள்?

திவ்யா: சுகருக்கு எடுத்த அதே ரத்தத்திலேயே செய்துவிடலாம், தனியாக ஒன்றும் எடுக்க வேண்டியதில்லை. பேக்கேஜில் ஒரு வரி கூடுதலாகத் தெரியும். சரி, இரண்டாம் பக்கம் எங்கே? அதையும் போடு அண்ணா.

கார்த்திக் அண்ணா: அதில் வெறும் ரத்த அணுக்களின் எண்ணிக்கைதான் என்று விட்டுவிட்டேன். அப்பாவிடம்தான் இருக்கிறது. அப்பா, படம் எடுத்துப் போடுங்கள்.

ராஜி அத்தை: திவ்யா, இவ்வளவு அமிலம் இருக்கிற வயிற்றுக்குள் கிருமி எப்படிம்மா உயிரோடு இருக்கும்?

திவ்யா: நல்ல கேள்வி அத்தை, டாக்டர்களே ரொம்ப காலம் அங்கே எதுவும் வாழாது என்றுதான் நினைத்திருந்தார்கள். இது பிழைப்பது யூரியேஸ் என்ற ஒரு என்சைமால். நம் வயிற்றுச் சுரப்பில் எப்போதும் கொஞ்சம் யூரியா கசியும், இந்தக் கிருமி அதை அமோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைத்துவிடும். அமோனியா தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை மட்டும் தணிக்க, அந்தச் சின்ன அவகாசத்தில் சுருள் உடம்பைத் திருகிக்கொண்டு, வயிற்றுச் சுவரை மூடியிருக்கிற சளிப் படலத்துக்குள் நீந்திப் போய், அமிலம் எட்டாத அடியில் உட்கார்ந்துகொள்ளும். பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும், மருந்து கொடுக்காவிட்டால் ஆயுசுக்கும் இருக்கும். உலகத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கிறது, முக்கால்வாசிப் பேருக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

கார்த்திக் அண்ணா: பிறகு புண் எங்கிருந்து வருகிறது?

திவ்யா: கிருமியும் கெடுக்கும், நம் உடம்பும் கெடுக்கும். சில ரகங்கள் நச்சுப் புரதங்களைச் செல்லுக்குள் செலுத்தும், உடம்பு வெள்ளை அணுக்களை அனுப்பும், அவை கிருமியை ஒழிக்கவும் முடியாமல் திரும்பவும் போகாமல் வருடக்கணக்கில் அங்கேயே நின்று சுவரை அழற்சியிலேயே வைத்திருக்கும். அந்த அழற்சி எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். வயிற்றின் கீழ்ப் பகுதியில் இருந்தால் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் கூடிப்போய் மேல் பகுதி அமிலத்தை அதிகமாகச் சுரக்கும், அது முன்சிறுகுடலில் போய்க் கொட்டி அங்கே புண்ணாகும். நம் பக்கத்தில் "அல்சர்" என்று சொல்வதில் நிறைய இந்த ரகம்தான். அழற்சி மேல் பகுதி முழுக்கப் பரவினால் கதை நேர் எதிராகப் போகும், சுரப்பிகள் தேய்ந்து அமிலம் குறையும், புற்றுநோய்க்குப் போகிற பாதை அது. ஆனால் அது பல பத்து வருடங்கள் எடுக்கும், அதுவும் தொற்று உள்ள 100 பேரில் 1 முதல் 3 பேருக்குத்தான்.

கார்த்திக் அண்ணா: ஆக நெட் பொய் சொல்லவில்லை.

திவ்யா: இல்லை. 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் வைத்துவிட்டது. ஆனால் இந்தியா முழுக்கக் கிருமி பரவலாக இருக்க, வயிற்றுப் புற்றுநோய் மிக அதிகமாக இருப்பது மிசோரமில். அங்கே புகையிலை, புகை போட்ட இறைச்சி, உப்பு எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. கிருமி இருந்தாலே புற்றுநோய் என்றால் பாதி ஊர் காலியாகியிருக்க வேண்டும்.

பாலு மாமா: அப்போ மிளகாய் நிரபராதியா?

திவ்யா: புண் இருக்கிறவர்களுக்கு எரிச்சலைக் கூட்டலாம் மாமா, புண்ணை உண்டாக்காது. காரமும் கவலையும்தான் அல்சருக்குக் காரணம் என்று டாக்டர்களே 1980கள் வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில், ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் 1979-ல் வயிற்றுத் திசுவில் இந்தச் சுருள் கிருமிகளைப் பார்த்தார். அவரோடு சேர்ந்த பாரி மார்ஷல் இதை லேபில் வளர்க்கப் பார்த்தார், வளரவே இல்லை. இரண்டு நாளில் ஒன்றும் தெரியாவிட்டால் கிருமி வளர்க்கிற தட்டைத் தூக்கிப் போடுவதுதான் வழக்கம். 1982-ல் ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகளை யாரும் எடுக்காமல் விட்டுவிட, திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருக்கிறது. எங்கள் வேலையில் இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும், எனக்கு இன்னும் அலுக்கவில்லை. அப்போதும் யாரும் நம்பாததால் 1984-ல் மார்ஷல் கிருமிக் கரைசலை ஒரு கிளாஸில் ஊற்றித் தானே குடித்துவிட்டார். சில நாளில் குமட்டல், வாந்தி, வாய் நாற்றம். குழாய் விட்டுப் பார்த்தால் வயிறு முழுக்க அழற்சி. 2005-ல் இரண்டு பேருக்கும் நோபல் பரிசு.

ராஜி அத்தை: ஐயோ, குடித்தாரா! எங்கள் அப்பாவுக்கு அல்சர் என்று வயிற்றைக் கிழித்து ஆபரேஷன் செய்தார்களே. தொப்புளுக்கு மேலே ஒரு சாண் தழும்பு இருக்கும், திவ்யா, நீ பார்த்ததில்லை.

திவ்யா: அமிலத்தைத் தூண்டுகிற நரம்பை வெட்டிவிட்டு, வயிற்றையும் குடலையும் வேறு வழியாக இணைக்கிற ஆபரேஷனாக இருக்கும் அத்தை. அந்தக் காலத்தில் அதுதான் வைத்தியம். தாத்தாவுக்குக் கிருமி இருந்திருந்தால், இப்போதாக இருந்தால் இரண்டு வார மாத்திரையோடு முடிந்திருக்கும்.

சேகர் பெரியப்பா: (படம்) இரண்டாம் பக்கம். கண்ணாடி இல்லாமல் எடுத்தேன், சாய்ந்திருக்கும்.

திவ்யா: பெரியப்பா, ஹீமோகுளோபின் 10.1 என்று இருக்கிறது.

சேகர் பெரியப்பா: அது வயசானால் குறையும்.

திவ்யா: ஆணுக்கு 13க்குக் கீழே போனாலே ரத்தசோகை. வயசு மட்டும் அதற்குக் காரணம் ஆகாது. சிவப்பணுவின் அளவும் சின்னதாகியிருக்கிறது, ரத்தம் எங்கேயோ கசிந்து இரும்புச் சத்து குறைந்துகொண்டிருக்கலாம் என்று அர்த்தம். முதல் பக்கத்து பாசிட்டிவை விட எனக்கு இதுதான் கவலை. இதற்கு ஏன் அம்புக்குறி போடவில்லை என்று தெரியவில்லை. முட்டி வலிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

மீனா பெரியம்மா: மெடிக்கல் ஷாப்பில் அட்டை அட்டையாக டைக்ளோஃபெனாக் வாங்கி வைத்திருக்கிறார் திவ்யா. தினம் ஒன்று, மாடி ஏறினால் இரண்டு.

திவ்யா: அல்சருக்கு முக்கியமான காரணம் இரண்டு, ஒன்று இந்தக் கிருமி, இன்னொன்று வலி மாத்திரை. இரண்டும் சேர்ந்தால் ரத்தக் கசிவு வருகிற வாய்ப்பு கூடும். இன்று இரவிலிருந்தே அதை நிறுத்திவிடுங்கள். அப்புறம், மலம் கன்னங்கரேலென்று பிசுபிசுப்பாகப் போனதா?

சேகர் பெரியப்பா: இதையெல்லாம் குழுவிலா கேட்பாய்? மாப்பிள்ளை எல்லாம் இருக்கிறார்.

பாலு மாமா: நான் பார்க்கவில்லை மச்சான், சொல்லுங்கள்.

சேகர் பெரியப்பா: போன வாரம் இரண்டு மூன்று நாள். நாவல் பழம் சாப்பிட்டதால் என்று நினைத்தேன். இப்போது இல்லை.

கார்த்திக் அண்ணா: அப்பா!!

திவ்யா: தலைச்சுற்றல், படபடப்பு, வாந்தி எதுவும் இல்லையே? இல்லை என்றால் நாளைக் காலையில் முதல் வேலையாக இரைப்பைக் குடல் டாக்டரிடம் போங்கள். இரவில் மறுபடி கறுப்பாகப் போனாலோ மயக்கம் வந்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது, நேராக எமர்ஜென்சிக்கு. பத்து மணிக்கு மேல் எதுவும் சாப்பிட வேண்டாம், வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கிற எண்டோஸ்கோப்பியை நாளைக்கே செய்யச் சொல்லலாம்.

சேகர் பெரியப்பா: அந்தக் குழாய் வேண்டாம். மூன்று வருஷம் முன்பு விட்டார்களே, கிருமி இல்லை என்றுதானே சொன்னார்கள்? ஊதிப் பார்க்கிற டெஸ்ட் இருக்கிறது என்று டிவியில் சொன்னான்.

திவ்யா: அப்போதும் தினம் காலையில் பான்டோப்ரசோல் சாப்பிட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்? கேஸ் மாத்திரை என்று நாம் சொல்கிற அது அமிலத்தை அடக்கும்போது கிருமியின் எண்ணிக்கையும் குறையும், கீழ்ப் பகுதியை விட்டு மேலே ஒதுங்கும். கீழே மட்டும் சோதனைக்குத் திசுத் துணுக்கு எடுத்தால் இல்லை என்றே வரலாம். அதனால்தான் கீழே, மேலே என்று இரண்டு இடத்திலும் எடுக்கச் சொல்வது. இதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். அதற்காகப் பான்டோவை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கசிவு இருந்தால் இப்போது அதுதான் காப்பு. ஊதுகிற டெஸ்ட் கிருமியைச் சொல்லும், புண் எங்கே, எவ்வளவு ஆழம், வேறு ஏதாவது இருக்கிறதா என்பதைச் சொல்லாது. உங்கள் வயதில் ரத்தசோகையும் இருந்தால் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

கார்த்திக் அண்ணா: நான் இப்போதே பெங்களூரிலிருந்து கிளம்புகிறேன். ஆமாம், எனக்கும் சாப்பிட்டால் மேல் வயிறு உப்பிக்கொள்கிறது. எனக்கும் குழாயா?

திவ்யா: உனக்கு முப்பதுதானே, எடை குறையவில்லை, ரத்தசோகை இல்லை என்றால் ஊதினாலே போதும். முதலில் ஒரு பையில் ஊதச் சொல்வார்கள், பிறகு யூரியா கலந்த பானம் கொடுப்பார்கள், அந்த யூரியாவில் இருக்கிற கார்பன், கார்பன் 13 என்ற அடையாளம் போட்ட ரகம். அரை மணி நேரத்தில் மறுபடி ஊத வேண்டும். கிருமி இருந்தால் அதன் யூரியேஸ் அந்த யூரியாவை உடைத்திருக்கும், அடையாளம் போட்ட கார்பன் மூச்சில் வந்துவிடும். சில இடங்களில் கார்பன் 14 மாத்திரை, அதில் மிகக் குறைந்த கதிரியக்கம் உண்டு, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க மாட்டார்கள். மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடுகிற டெஸ்டும் நம்பகமானதுதான், என்ன, டப்பாவைக் கொண்டுபோகக் கூச்சப்படுவார்கள். எதுவானாலும் பான்டோ, ஒமிப்ரசோல் வகையை இரண்டு வாரம் முன்பும், ஆன்டிபயாட்டிக்கை நாலு வாரம் முன்பும் நிறுத்தியிருக்க வேண்டும்.

ராஜி அத்தை: அண்ணா, பயப்படாதீர்கள். நானும் காலையில் அண்ணியோடு வருகிறேன்.

புதன் மாலை

கார்த்திக் அண்ணா: அப்பாவுக்கு முன்சிறுகுடலில் ஒரு புண், ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. திங்கட்கிழமை பார்த்தபோது ரத்தம் நின்றிருந்தது. துணுக்கை மஞ்சள் ஜெல்லில் போட்டார்கள், கொஞ்ச நேரத்தில் ரோஸ் நிறமாகிவிட்டது.

திவ்யா: அதுவும் யூரியேஸ் வேலைதான். ஜெல்லில் யூரியா இருக்கும், அமோனியா வந்தால் நிறம் மாறும். சில சமயம் ரத்தம் கசிந்த வயிற்றில் கிருமி இருந்தும் நிறம் மாறாது, அதனால் மைக்ராஸ்கோப்புக்கும் அனுப்புவார்கள்.

கார்த்திக் அண்ணா: அனுப்பினார்கள், இன்று ரிப்போர்ட் வந்தது. கிருமி உண்டு, புற்றுநோய் இல்லை. பான்டோ, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், 14 நாள்.

திவ்யா: நல்லவேளை. பெரியப்பா, பிஸ்மத்தால் மலமும் நாக்கும் கறுக்கும், அதைப் பார்த்துப் பயந்து விட்டுவிடாதீர்கள், ஆனால் தலைச்சுற்றல் சேர்ந்தால் உடனே சொல்லுங்கள். வாய் கசக்கும். நடுவில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் இதே மருந்து வேலை செய்யாது. மருந்து முடிந்து குறைந்தது நாலு வாரம் கழித்து ஊதிப் பார்க்க வேண்டும், ரத்த டெஸ்ட் எடுத்தால் அப்போதும் பாசிட்டிவ்தான் வரும்.

பாலு மாமா: மெட்ரோனிடசோலோடு விசேஷத்துக்கு ஒரு சின்ன பெக் போடலாமா? பொதுவாகக் கேட்கிறேன்.

திவ்யா: கூடாது மாமா. பொதுவாகவும் கூடாது.

மீனா பெரியம்மா: அவருக்குத் தட்டு டம்ளர் தனியாக வைக்க வேண்டுமா?

திவ்யா: தேவையே இல்லை பெரியம்மா. இத்தனை வருடம் ஒன்றாகச் சாப்பிட்டாயிற்று. உங்களுக்கு வயிற்றில் தொந்தரவு இருந்தால் ஊதிப் பாருங்கள்.

சேகர் பெரியப்பா: இந்த டெட்ராசைக்ளின் தொண்டையிலேயே நிற்கிறது. பாலில் விழுங்கலாமா?

திவ்யா: பால் வேண்டாம், கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு டம்ளர் தண்ணீர் முழுக்கக் குடியுங்கள், விழுங்கியதும் படுக்காதீர்கள்.

சேகர் பெரியப்பா: காபி?

திவ்யா: அதிலும் பால்தானே இருக்கிறது. இரண்டு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

மீனா பெரியம்மா: கையில் டம்ளரோடுதான் டைப் செய்கிறார் திவ்யா.