கல்யாணம் ஆகாதவள் கருத்தடை மாத்திரை போடலாமா? அம்மாவுக்கு எப்படிச் சொல்வது?

தண்டையார்பேட்டைப் பெண்:
எனக்கு 23 வயது. எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை செக்‌ஷன். வேலை செய்கிறவர்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று 2021-லேயே சட்டம் வந்தாச்சு. எங்கள் கடை ஸ்டூலில் துணிக்கட்டுதான் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு பீரியட்ஸ் வந்தால் ஒன்பது நாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின், கட்டி கட்டியாகப் போகும். போன மாதம் ஒருவருக்கு முகூர்த்தப் புடவை விரித்துக் காட்டும்போதே கண் இருட்டி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஓடி வந்த சூப்பர்வைசர் முதலில் பார்த்தது, புடவையில் கறை பட்டதா என்று.

ஹீமோகுளோபின் 7.9. ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரையோடு 21 மாத்திரை உள்ள அட்டை ஒன்றும் எழுதினார். மெடிக்கலில் இருந்த பையன் சீட்டைப் படித்துவிட்டு என் கழுத்தைப் பார்த்தான், தாலி இருக்கிறதா என்று. அவனை விடுங்கள். அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்த அட்டை அம்மா கையில் கிடைத்துவிட்டது. மூன்று நாளாகப் பேச்சில்லை, சோறு மட்டும் மூடி வைத்திருக்கிறார். நாளைக்குக் குழந்தை பிறக்காமல் போய்விடுமா என்று எனக்கும் பயம்.

காசிமேடு அக்கா:
ஒளித்து வைத்தாய் பார், அதுதான் வினை. என் மகளுக்கு நீர்க்கட்டி, மூன்று மாதம் தள்ளிப் போகும். அவளுக்கும் இதே மாத்திரைதான். அடுத்த முறை டாக்டரிடம் அம்மாவையும் கூட்டிப் போ. அட்டையை டி.வி. பக்கத்தில் வை.

நைட் டியூட்டி நர்ஸ்:
இந்த வகை மாத்திரைக்கு அமெரிக்காவில் 1957-ல் அனுமதி கொடுத்ததே மாதவிடாய்க் கோளாறுக்குத்தான். கருத்தடைக்கு என்று 1960-ல்தான் கொடுத்தார்கள். அம்மாவிடம் இதைச் சொல். கருப்பையின் உள்சவ்வு தடிமனாக விடாது, அதனால் போக்கு குறையும். வலிக்கும், முகப்பருவுக்கும்கூடக் கொடுக்கிறோம். நிறுத்தினால் கருத்தரிக்கலாம், பயப்படாதே. ஆனால் பி.பி., கண்ணில் மின்னலடித்து வரும் ஒற்றைத் தலைவலி, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறைந்த கதை இருந்தால் டாக்டரிடம் மறைக்காதே. டி.பி. மாத்திரை போடுவதாக இருந்தாலும் சொல். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், நேரே கேஷுவாலிட்டி.

ராயபுரம் ரெண்டாவது தெரு:
எல்லாம் சரி. நான் அடுத்த குழந்தை இப்போது வேண்டாம் என்றுதான் போடுகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாலா-என் என்ற கருத்தடை மாத்திரை இலவசம், அட்டையில் இருக்கும் 28-ல் கடைசி ஏழு இரும்புச்சத்து. நோய் இருந்தால்தான் நல்ல பெண், இல்லையென்றால் தப்பா? அந்த மெடிக்கல் பையனுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

தண்டையார்பேட்டைப் பெண்:
அக்கா சொன்ன மாதிரி டி.வி. பக்கத்தில் வைத்தேன். இன்று காலை அம்மா அட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "நேத்து போடலையா? ஒண்ணு அப்படியே இருக்கே" என்றார். நாலு நாளில் முதல் பேச்சு. நிஜமாகவே மறந்துவிட்டேன், இப்போது என்ன செய்ய?

நைட் டியூட்டி நர்ஸ்:
ஒன்றுதானே? இப்பவே போடு. இன்றையதை வழக்கமான நேரத்துக்குப் போடு.