உதவி: மின்ட்டில் தினமும் காலையில் நேரம் தப்பு, அப்டேட்டும் ஆகவில்லை

கடைத்தெரு_டிடிபி | திங்கள் காலை 9:24

அவசரம். கடையில் லினக்ஸ் மின்ட் ஓடுகிறது. கொஞ்ச நாளாகக் காலையில் ஆன் செய்தால் நேரம் தப்பாகக் காட்டுகிறது. டெர்மினலில் டேட் கட்டளை கொடுத்துச் சரிசெய்தால் அன்று முழுக்க ஒழுங்காக ஓடும். மறுநாள் மறுபடியும் அதே கதை. அப்டேட் கொடுத்தால் 'ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட்' என்று வந்து நின்றுவிடுகிறது. பில் எல்லாம் கால்க் அட்டவணையில், அன்றைய தேதியைத் தானே போடும் டுடே ஃபார்முலா வைத்துத்தான் போடுகிறேன். அதில் நேற்றுத் தேதி விழுந்து, வாடிக்கையாளர் ஒருவர் ஆபீஸில் பில் பாஸ் ஆகவில்லை என்று திரும்பி வந்துவிட்டார். யாராவது வழி சொல்லுங்கள். ஆள் வந்துவிட்டார்கள், அப்புறம் பார்க்கிறேன்.

முனையம் | 9:31

எவ்வளவு தப்பு? நேரம் முன்னால் ஓடுகிறதா, பின்னால் இருக்கிறதா? மின்ட்டில் எந்தப் பதிப்பு? லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? இதெல்லாம் தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

கர்னல்_ஆசான் | 9:40

இங்கே அடிக்கடி வரும் கேள்வி இது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்பது நல்ல பழக்கம்.

மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் யுடிசி என்ற உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். ஒரே பெட்டியில் இரண்டும் இருந்தால், விண்டோஸ் எழுதிவைத்த இந்திய நேரத்தை லினக்ஸ் யுடிசி என்று நம்பி, அதற்கு மேல் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டும். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம் இஸ் யுனிவர்சல்' என்ற மதிப்பை 1 ஆக வையுங்கள். முடிந்தது. இதற்கு ஒரு இழையே தேவையில்லை.

பழையபெட்டி | 9:52

டைம்ஜோன் பார்த்தீர்களா? ஏசியா/கொல்கத்தா என்று இருக்க வேண்டும். எனக்கு ஒருமுறை இன்ஸ்டால் செய்யும்போது வேறு ஊர் விழுந்துவிட்டது.

நெய்தல் | 10:15

ஆசான் சொல்வது சரியான விளக்கம்தான், ஆனால் இந்த நோய்க்குப் பொருந்தவில்லை. 'நாட் வேலிட் யெட்' என்றால், சர்வரில் உள்ள ரிலீஸ் கோப்பின் தேதி உங்கள் பெட்டிக்கு எதிர்காலமாகத் தெரிகிறது என்று பொருள். அதாவது இவருடைய கடிகாரம் பின்னால் இருக்கிறது. விண்டோஸ் சண்டையில் லினக்ஸ் முன்னால்தான் போகும். பில்லில் நேற்றுத் தேதி விழுவதும் பின்னால் என்பதையே காட்டுகிறது. டைம்ஜோன் தப்பாக இருந்தாலும் அப்டேட் செய்யும் ஏப்ட் கவலைப்படாது, அது பார்ப்பது யுடிசியை.

கடைத்தெரு அண்ணே, டைம்டேட்சிடிஎல் என்று டெர்மினலில் கொடுத்து, வருவதை முழுசாகப் போடுங்கள். நாளைக் காலை ஆன் செய்ததும், நேரத்தைத் திருத்துவதற்கு முன்பே செய்யுங்கள்.

கர்னல்_ஆசான் | 10:20

விண்டோஸ் இருக்கிறதா இல்லையா என்பதையே அவர் சொல்லவில்லை. முதலில் அவர் சொல்லட்டும்.

கடைத்தெரு_டிடிபி | செவ்வாய் காலை 9:18

விண்டோஸ் கிடையாது, மின்ட் 22 மட்டும்தான். பழைய டெஸ்க்டாப். இன்று காலை வந்தது இது:

லோக்கல் டைம்: திங்கள் இரவு 9:07
ஆர்டிசி டைம்: 2009 ஜனவரி 1, 00:02
டைம்ஜோன்: ஏசியா/கொல்கத்தா
சிஸ்டம் கிளாக் சிங்க்ரனைஸ்டு: நோ
என்டிபி சர்வீஸ்: ஆக்டிவ்

நேற்று இரவு ஒன்பது மணிக்குத்தான் கடையைச் சாத்தினேன்.

நெய்தல் | 9:33

இதைத்தான் எதிர்பார்த்தேன். ஆர்டிசி என்பது மதர்போர்டு கடிகாரம், அது 2009க்குப் போய்விட்டது. அதை ஓட்டும் சீமோஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. இரண்டு கேள்வி:

இரவில் சுவிட்ச் போர்டில் கரண்டை அணைத்துவிடுவீர்களா? ஆன் செய்யும்போது எஃப்1 அழுத்தச் சொல்லிக் கறுப்புத் திரையில் ஏதாவது வருகிறதா?

கடைத்தெரு_டிடிபி | மதியம் 2:05

கடை பூட்டும்போது மெயினையே இறக்கிவிட்டுத்தான் போவேன், எல்லாக் கடையிலும் அப்படித்தானே. எஃப்1 தினமும் கேட்கும், அழுத்தினால் போய்விடும். அது ரொம்ப நாளாகவே இருக்கிறது. ஆனால் நேரம் தப்புவது இந்த ஒரு மாதமாகத்தான். அப்படியென்றால் பேட்டரி எப்படிக் காரணமாகும்?

முனையம் | 2:11

நல்ல கேள்வி. இந்த ஒரு மாதத்தில் என்ன மாற்றினீர்கள்? இன்டர்நெட் இணைப்பு மாறியதா?

கடைத்தெரு_டிடிபி | 2:30

ஆமாம், பழைய பிராட்பேண்டை எடுத்துவிட்டு உள்ளூர் கேபிள்காரரிடம் ஃபைபர் போட்டேன். நெட் நன்றாகத்தான் வருகிறது.

முனையம் | 2:48

அப்போது கதை முழுசாகப் புரிகிறது. உங்கள் பேட்டரி எப்போதோ தீர்ந்துவிட்டது. மெயினை இறக்காதவரை, பெட்டி அணைந்திருந்தாலும் பவர் சப்ளையிலிருந்து வரும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் அந்தக் கடிகாரத்தை ஓட்டும். மெயின் போனால் கடிகாரமும் போகும். முன்பு காலையில் நெட் வந்ததுமே, லினக்ஸைத் தொடங்கிவைத்துச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைம்சிங்க்டி, இணையத்தில் நேரம் சொல்லும் என்டிபி சர்வரைக் கேட்டு நேரத்தைத் திருத்திவிடும், உங்கள் கண்ணில் படவே படாது. புதிய இணைப்பில் அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் சர்வீஸ் ஆக்டிவ், ஆனால் சிங்க்ரனைஸ்டு நோ.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஒரு நிமிடம் பாருங்கள். நேரம் தானாகச் சரியானால், கேபிள் இணைப்பில் என்டிபி கேள்வி போகும் யுடிபி 123 போர்ட்டை அடைத்திருக்கிறார்கள் என்று உறுதி. 2014 வாக்கில் என்டிபி சர்வர்களை வைத்துப் பெரிய பெரிய தாக்குதல்கள் நடந்தன. அதற்குப் பிறகு அந்தப் போர்ட்டை வடிகட்டும் வழக்கம் பல இடங்களில் வந்தது.

வேர்_மட்டும் | 3:20

கவனியுங்கள், இங்கே உண்மையான குற்றவாளி சிஸ்டம்டி. அது இல்லாவிட்டால் முதல் நாளே திரையில் 2009 என்று காட்டியிருக்கும், பேட்டரி போனது அன்றே தெரிந்திருக்கும். டைம்சிங்க்டி கடைசியாகத் தெரிந்த நேரத்தை ஒரு கோப்பில் எழுதிவைத்து, பூட் ஆகும்போது கடிகாரத்தை அங்கே தள்ளிவிடுகிறது. அதனால்தான் இவருக்கு நேற்று இரவு 9:07 வந்தது. நோயை மறைக்கும் மருந்து எதற்கு? 2015இல் டெபியன் 8 லினக்ஸ் சிஸ்டம்டியை இயல்பாக வைத்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கர்னல்_ஆசான் | 3:41

2009 என்று காட்டினால் ஒரு பாதுகாப்பான இணையதளமும் திறக்காது. எல்லாச் சான்றிதழும் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்றே வரும். நேற்றைய நேரம் என்றால் பெரும்பாலும் எல்லாம் ஓடும். எது மேல்? சிஸ்டம்டியைத் திட்டுவதற்கு முன் அது ஏன் அப்படிச் செய்கிறது என்று படியுங்கள்.

வேர்_மட்டும் | 3:50

கடைக்காரருக்குப் பில்லில் தப்பான தேதி விழுந்ததே, அது உங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லையா? இணையதளம் திறக்காமல் இருந்திருந்தால் அன்றே கவனித்திருப்பார். பாதி வேலை செய்யும் கருவி, வேலையே செய்யாத கருவியைவிட ஆபத்து. அதனால்தான் நான் சிஸ்டம்டி இல்லாத டெவுவான் லினக்ஸுக்குப் போனேன்.

யாழ்_பை | மாலை 4:26

இது சிஸ்டம்டி கண்டுபிடித்த வேலை இல்லை. நான் யாழ்ப்பாணத்தில் ராஸ்பெர்ரி பை 3 என்ற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டு சர்வராக வைத்திருக்கிறேன். அதில் கடிகாரச் சிப்பே கிடையாது, பை 5இல்தான் வந்தது. அதனால் ஃபேக்-ஹெச்டபிள்யூகிளாக் என்ற சின்னத் தொகுப்பு இதே வேலையைச் செய்கிறது: அணையும்போது நேரத்தை எழுதும், எழும்போது அங்கிருந்து தொடங்கும். கரண்ட் போய் வந்தால் நெட் கிடைக்கும்வரை லாகில் எல்லாம் பழைய நேரம்தான். தெரிந்து வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. முறைப்பாடு செய்ய வேண்டியது நேரத்தைச் சேமிப்பதைப் பற்றி இல்லை, சேமித்த நேரத்தில் ஓடுகிறேன் என்று திரையில் சொல்லாததைப் பற்றி. அதில் வேர்_மட்டும் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பழையபெட்டி | 4:40

நடுவில் ஒரு வார்த்தை. சார் இன்னும் பேட்டரி எப்படி மாற்றுவது என்று தெரியாமல் இருக்கிறார். யாராவது அதைச் சொல்லுங்கள்.

நெய்தல் | மாலை 5:10

சொல்கிறேன். சிஆர்2032 என்று கேளுங்கள், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். ஒரு ரூபாய் நாணயம்போல் தட்டையாக இருக்கும், 3 வோல்ட் லித்தியம். 2025 என்று ஒன்று உண்டு, விட்டம் அதே 20 மில்லிமீட்டர், ஆனால் மெலிசு. அதை வாங்கினால் பிடிப்பானில் லொடலொடவென்று ஆடும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை நான்கைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் வடியும். பெட்டியைத் திறந்தால் போர்டில் வட்டமாக ஒன்றுதான் இருக்கும். ஓரத்தில் உள்ள இரும்பு நாக்கை நகத்தால் தள்ளினால் பேட்டரி தானாக எகிறும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள், போர்டில் கோடு விழுந்தால் பேட்டரி செலவோடு போகாது. பிளஸ் குறி மேலே தெரியும்படி புதியதை வையுங்கள். தூசி இருந்தால் அப்படியே பிரஷால் தட்டிவிடுங்கள்.

முக்கியமான விஷயம்: மெயின் இறங்கும்போதெல்லாம் உங்கள் பயாஸ் (பெட்டி எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்) அமைப்புகளும் தொடக்க நிலைக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த நிலையில்தான் மின்ட் இப்போது நன்றாக பூட் ஆகிறது. அதனால் பயாஸுக்குள் போனால் நேரத்தைத் தவிர வேறு எதையும் மாற்ற வேண்டாம். எதையும் தொடுவதற்கு முன் திரையை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைத்தெரு_டிடிபி | புதன் காலை 10:02

பேட்டரி மாற்றிவிட்டேன். எஃப்1 கேட்கவில்லை! பயாஸில் சரியான நேரம் வைத்தேன். ஆனால் மின்ட் இப்போது மாலை 3:32 என்கிறது. ஹாட்ஸ்பாட் இன்னும் பார்க்கவில்லை. என்ன செய்வது?

கர்னல்_ஆசான் | 10:06

நான் முதலில் சொன்னது இங்கே வந்து நிற்கிறது. பயாஸில் நீங்கள் இந்திய நேரத்தை வைத்தீர்கள். லினக்ஸ் அதை யுடிசி என்று எடுத்துக்கொண்டு ஐந்தரை மணியைக் கூட்டுகிறது. என்டிபி வந்தால் திருத்திக்கொள்ளும், உங்களுக்கு அது வரவில்லை. பயாஸுக்குள் மறுபடி போக வேண்டாம். நீங்கள் வழக்கமாகச் செய்வதுபோல் டேட் கட்டளையால் சரியான நேரத்தை வையுங்கள். அதன் பிறகு சூடோ ஹெச்டபிள்யூகிளாக், ஓர் இடைவெளி, இரண்டு சின்னக் கோடு, சிஸ்டோஹெச்சி என்று கொடுங்கள். சிஸ்டத்தின் நேரம் மதர்போர்டுக்கு யுடிசியாகப் போய் எழுதப்படும். ஒருமுறை செய்தால் போதும்.

வேர்_மட்டும் | 10:30

ஹெச்டபிள்யூகிளாக் சிஸ்டம்டியைச் சேர்ந்தது இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முனையம் | 10:44

அதோடு விட்டுவிடாதீர்கள் அண்ணே. மதர்போர்டு குவார்ட்ஸ் நாளுக்கு ஓரிரு நொடி தவறுவது சாதாரணம், மாதம் ஆக ஆக நிமிடக் கணக்காகும். ஹாட்ஸ்பாட் சோதனையைச் செய்யுங்கள். போர்ட் அடைபட்டிருந்தால் முதலில் கேபிள்காரரிடம் கேளுங்கள், அவர் ரவுட்டரில் ஒரு விதியை எடுத்தாலே போதும். முடியாது என்றால் ஹெச்டிபிடேட் என்ற தொகுப்பைப் போடுங்கள். அது இணையதளங்கள் அனுப்பும் பதிலின் தலைப்பில் உள்ள தேதியைப் படித்து நேரம் வைக்கும், 123 போர்ட் தேவைப்படாது. நொடிக் கணக்கில்தான் துல்லியம், பில் போட அது தாராளம். குரோனி என்ற வேறு நேர மென்பொருளைப் போட்டாலும் பயனில்லை, அதுவும் அதே போர்ட்டில்தான் போகும்.

கடைத்தெரு_டிடிபி | வியாழன் காலை 9:20

சரியாகிவிட்டது. மெயினை இறக்கிவிட்டுப் போனேன், காலையில் நேரம் கரெக்ட். அப்டேட்டும் ஓடுகிறது. எல்லோருக்கும் நன்றி.

முனையம் | 9:26

மகிழ்ச்சி. ஹாட்ஸ்பாட்டில் சிங்க் ஆனதா?

பழையபெட்டி | வெள்ளி மாலை 6:15

அண்ணே, ஹாட்ஸ்பாட் முடிவைச் சொல்லுங்கள். எங்கள் தெருவிலும் கேபிள் ஃபைபர்தான், என் பெட்டியிலும் சிங்க்ரனைஸ்டு நோ என்று இருக்கிறது.

நெய்தல் | 6:22

பழையபெட்டி சார், உங்களுக்கு எந்தப் பதிப்பு? டைம்டேட்சிடிஎல் முழுசாகப் போடுங்கள்.