புதுப்பிப்பு: ரெண்டு மாசத்துல நாலு கார்டு, என் சிபில் இப்போ எங்கே நிக்குது

ஏர்போர்ட் லவுஞ்ச், கேஷ்பேக் ஆசையில ரெண்டே மாசத்துல நாலு கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பிச்சு, மூணு வந்து, ஒண்ணு நிராகரிப்பாகி, சிபில் ஸ்கோர் (கடனை எவ்வளவு ஒழுங்கா கட்டுறோம்னு வங்கிகள் பார்க்குற மதிப்பெண்) 781-லிருந்து 738-க்கு இறங்கிடுச்சுன்னு புலம்பினேனே, அதோட தொடர்ச்சி. எட்டு மாசம் ஓடிடுச்சு. நேத்து பார்த்தா 769.

சிபில் அறிக்கையில 'என்கொயரி' பகுதியை, அதாவது நாம விண்ணப்பிச்சப்போ வங்கிகள் நம்ம அறிக்கையைக் கேட்டுப் பார்த்த பதிவைத் திறந்தா நாலு விண்ணப்பமும் தேதியோட வரிசை கட்டி நிக்குது. கார்டு தராத வங்கியோடதும்தான்! கணக்குகளோட சராசரி வயசும் அடி வாங்கிடுச்சு. ஆறு வருஷப் பழைய கார்டு ஒண்ணே ஒண்ணு வெச்சிருந்தவன் மூணு பச்சைக்குழந்தைகளைச் சேர்த்ததும், சராசரி ஒன்றரை வருஷம்.

அப்புறம் எப்படி ஏறுச்சு? லிமிட்டுல எவ்வளவு பங்கு தேய்க்கிறோம்ங்கிறதும் ஸ்கோருல சேரும், பங்கு குறைஞ்சா நல்லது. முன்னாடி லிமிட் 1 லட்சம், மாசம் 45 ஆயிரம் தேய்ப்பேன். அதாவது 45 சதவீதம். இப்போ மொத்த லிமிட் 4 லட்சம், அதே செலவு 11 சதவீதம்தான். பில்லை ஒரு தடவையும் தவற விடல, புதுசா எதுக்கும் விண்ணப்பிக்கல. இதுதான் காரணம்னு என் கணிப்பு.

"அடிக்கடி பார்த்தா ஸ்கோர் குறையாதா?"ன்னு கேட்டிருந்தீங்க. நாமே பார்த்தா குறையாது. வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமா தரணும்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு.

ஸ்கோர் இன்னும் ஏறட்டும்னு வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கிறதை மார்ச்சுக்குத் தள்ளியாச்சு. ஆண்டுக் கட்டணம் கேக்குற புது கார்டு ஒண்ணை மூடலாம்னு இருக்கேன். பழசை மட்டும் தொட மாட்டேன்.