பெயரை மாற்றினால் பைல் மாறுமா? பேஜ்மேக்கர், பப்ளிஷர் அனுபவங்கள்

ஹட்டன் டைப்செட்டர்:
மாரியம்மன் தேர்த் திருவிழா நோட்டீஸ். விடிந்தால் கட்டு மஸ்கெலியா பஸ்ஸில் ஏற வேண்டும். கமிட்டிக்காரர் பக்கம் கட்டும் புரோகிராமான பேஜ்மேக்கரின் பைலை, அதுதான் டொட் பீஎம்டி, மெயிலில் போட்டிருந்தார். "போன்ல திறக்குது இல்ல தம்பி, பீடிஎப் ஆக்கி அனுப்புறேன்" என்றார். வந்தது. பெயரின் வாலில் பீடிஎப். மெயிலின் உள்விபரத்தில் பைலின் வகையைச் சொல்லும் லேபலும் அப்ளிகேஷன்/பீடிஎப் என்றே இருந்தது. ஆனால் ரீடர் திறக்க மறுத்தது. நோட்பேடில் இழுத்துப் போட்டேன். உண்மையான பீடிஎப் என்றால் தொடக்கத்திலேயே சதவீதக் குறியும் அந்த மூன்று எழுத்தும் நிற்கும். இங்கே கொம்பும் வாலுமாக என்னென்னவோ. கீழே போகப் போக ஆங்கில எழுத்தில் ஒரு வரி. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய பாண்டான பாமினியில் அடித்துப் பழகிய கண்ணுக்கு அது அப்படியே தமிழ்: "பகல் அன்னதானம் வழங்கப்படும்". மனுசன் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்!

பண்டாரவளைக்காரன்:
எனக்கு டொட் பப். பாடசாலை மலர், ஒரு டீச்சர் மைக்ரோசொப்ட் பப்ளிஷரில் கட்டியது. அச்சகத்தின் இணையப் படிவம் "இந்த வகை அனுமதியில்லை" என்று தள்ளிவிட்டது. மெயிலில் அனுப்பினால் அப்ளிகேஷன்/ஒக்டெட்-ஸ்ட்ரீம் என்று போய்ச் சேர்கிறது. மெயில்காரன் ஒழுங்காக வகையைச் சொன்னால் இந்தக் கரைச்சலே இல்லை.

தலவாக்கலை தம்பி:
பண்டாரவளை அண்ணே, அதை மெயிலின் தலையில் போடாதீங்க. ஒக்டெட்-ஸ்ட்ரீம் என்றால் "பைட்டுகள் இருக்கு, என்னவென்று தெரியாது" என்று அர்த்தம். தெரியாததைத் தெரியாது என்பது நேர்மைதானே? ஹட்டன் அண்ணனுக்கு வந்ததுதான் பொய். பெரும்பாலான மெயில் புரோகிராம்கள் உள்ளே பார்ப்பதில்லை. பெயரின் வாலைப் பார்த்து லேபல் ஒட்டுகின்றன, அவ்வளவுதான். இந்த லேபல் முறைக்குப் பெயர் மைம். அது வந்தது 1992இல், பேஜ்மேக்கர் 1985இலேயே வந்துவிட்டது. அதற்குப் புழங்கும் லேபலே அப்ளிகேஷன்/எக்ஸ்-பேஜ்மேக்கர். முன்னால் எக்ஸ் நின்றால் பெரும்பாலும் பதிவில்லாத பெயர். பப்ளிஷருக்கோ ஒன்றுக்கு இரண்டு பெயர் புழக்கத்தில் இருக்கு. அதோடு டொட் பப் என்ற வால், வேறு கம்ப்யூட்டருக்குள் பாதுகாப்பாக நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் பொதுச் சாவி பைலுக்கும் உண்டு. லினக்ஸில் பைல் என்ற கட்டளை உள்ளேயே பார்க்கும், ஆனால் பழைய வேர்ட், பழைய எக்செல், பப்ளிஷர் மூன்றும் தொடங்குவது ஒரே எட்டு பைட்டில். ஆழமாகத் தோண்டினால்தான் ஆள் யாரென்று தெரியும்.

என் கதை சின்னது. பக்கம் கட்டும் இன்டிசைன் புரோகிராமின் ஐடிஎம்எல் பைல் ஒன்றைக் கொமினிகேஷன் பையன் ஜிப் என்று நினைத்துப் பிரித்து, போல்டர் போல்டராகப் பென்னில் போட்டுத் தந்தான். அது உண்மையிலேயே ஜிப்தான், அவனைக் குறை சொல்ல முடியாது. உள்ளே மைம்டைப் என்று ஒரு குட்டிப் பைல், அதில் தன் வகையைத் தானே ஒரே வரியில் எழுதி வைத்திருந்தது.

பதுளை அக்கா:
இவ்வளவு படிப்பு எதற்கு? பைல் தருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லுங்கள். விண்டோஸ் வாலை மறைத்து வைக்கும், வியூவில் போய் அதைக் காட்டச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நோட்டீஸ் டொட் பீடிஎப் டொட் பீஎம்டி என்று இரட்டை வாலோடு வரும். பீடிஎப் வேண்டுமென்றால் அந்த புரோகிராமுக்குள்ளிருந்தே எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும், பாண்டையும் (எழுத்துருவையும்) உள்ளே பதிக்க வேண்டும். லேபல் சரியாக இருந்தாலும் பாமினி கூட வராவிட்டால் மணமகள் பெயர் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் அச்சாகும், எங்கள் கடைக்கு அப்படி ஒரு கார்ட் வந்தது. அப்புறம், பப்ளிஷருக்கு 2026 ஒக்டோபருக்குப் பிறகு மைக்ரோசொப்டின் ஆதரவு கிடையாது. மலர் பைல்களை இப்போதே பீடிஎப் ஆக்கி வையுங்கள். லிப்ரே ஒபிஸ் ட்ரோ டொட் பப்பைத் திறக்கும், ஆனால் பெட்டிகள் கொஞ்சம் நகரும்.

பண்டாரவளைக்காரன்:
கொஞ்சமா? 32ஆம் பக்கத்து அதிபர் படம் 33இல் நிற்குது அக்கா.