ஆராய்ச்சியாளருக்குப் பாராட்டு விழா: வாழ்த்துமடலில் என்ன எழுதுவது, எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: கோட்டையூர் மன்றச் செயலர்

வணக்கம். எங்கள் ஊர்த் தமிழ் மன்ற ஆண்டு விழா தை மாதம். நம்மூரில் பிறந்து, சென்னையில் காசநோய் ஆராய்ச்சியில் 30 வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வுபெற்ற ஆச்சி ஒருவரைப் பாராட்டுவதாகத் தீர்மானம். பொன்னாடை, மாலை, சட்டம் போட்ட வாழ்த்துமடல் எல்லாம் வழக்கம்போல உண்டு.

சிக்கல் வாழ்த்துமடலில்தான். கல்யாணத்துக்கும் மணிவிழாவுக்கும் எழுதிப் பழகிய கை. "ஆராய்ச்சித் திலகமே, அறிவின் சிகரமே" என்று எட்டு வரி வந்துவிட்டது. ஆச்சி என்ன செய்தார் என்பது அந்த எட்டு வரியில் எங்குமே இல்லை. பயோடேட்டா 14 பக்கம்: கட்டுரைப் பட்டியல், எச்-இன்டெக்ஸ், பெயருக்குப் பின்னால் எஃப்.ஏ.எம்.எஸ். இதில் எதை எடுப்பது, எதை விடுவது? எடுப்பதை எப்படிச் சரிபார்ப்பது? "உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானி விருது" என்று தலைப்பில் போடச் சொல்கிறார் பொருளாளர். பத்ம விருதுக்கு மன்றமே பரிந்துரைக்கலாமா என்றும் கேட்கிறார்கள்.

பதில் 1: சுவடி

சரிபார்ப்பதில் முதல் தடங்கல் பெயர். நம் பக்கத்து இனிஷியலே தனிச் சங்கதி: ஆர்எம்., ஏஎல்., எஸ்பி., கேஆர். என்று இரண்டெழுத்து சேர்ந்து ஒரே இனிஷியல். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட் அதை இரண்டு தனி இனிஷியலாக எடுத்துக்கொள்ளும். ஒரு இதழ் ஆர் மட்டும் போட்டிருக்கும், இன்னொன்று ஆர்எம் போட்டிருக்கும். கல்யாணத்துக்கு முன் அப்பச்சி பெயரின் எழுத்து, பின்னால் வீட்டுக்காரர் பெயரின் எழுத்து என்று மாறியிருந்தால் ஒரே ஆள் கணினியில் இரண்டு ஆளாகிவிடுவார். மெய்யம்மை என்ற ஒரு பெயருக்கே ஆங்கிலத்தில் இரண்டு ஒய், ஒரு ஒய், ஐயும் ஒய்யும் என்று மூன்று எழுத்துக்கூட்டல். ஆகவே ஆச்சியிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்தெந்தப் பெயரில் கட்டுரை வந்தது என்பதுதான். ஆராய்ச்சியாளருக்கான அடையாள எண்ணான ஓர்சிட் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். 16 இலக்கம், இலவசம், பெயர் மாறினாலும் எண் மாறாது.

பிறகு பப்மெட்டில் பெயரை அடித்து, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஏ, யூ என்ற இரண்டு ஆங்கில எழுத்தைப் போட்டுத் தேடுங்கள். ஆசிரியர் பெயரில் மட்டும் தேடும். நிறுவனப் பெயரைச் சேர்த்துத் தேடி, "பாதிக் கட்டுரையைக் காணோம்" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 2014க்கு முன் பப்மெட் முதல் ஆசிரியரின் முகவரியை மட்டும்தான் பதிந்தது. ஆச்சி மூன்றாவது பெயராக இருந்த பழைய கட்டுரை, நிறுவனப் பெயரோடு தேடினால் தட்டுப்படாமல் போகலாம்.

பிழை காரணமாக இதழ் திரும்பப் பெற்ற கட்டுரை ஏதும் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பப்மெட் பக்கத்தின் மேலேயே அறிவிப்பு இருக்கும். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்திலும் இலவசமாகத் தேடலாம். இது சந்தேகப்படுவது ஆகாது, மன்றத்தின் பெயரையும் சேர்த்துக் காப்பது.

கூகுள் ஸ்காலரை அப்படியே எடுக்காதீர்கள். பெயர் ஒத்துப்போனால் அடுத்தவர் கட்டுரையையும் தானே சேர்த்துவிடும். காசநோய்க்காரர் பட்டியலில் நடுவில் கான்கிரீட் வலிமை பற்றி ஒரு கட்டுரை தெரிந்தால், மொத்த எண்ணிக்கையையும் நம்ப வேண்டாம்.

பதில் 2: நுண்ணோக்கி

எச்-இன்டெக்ஸ் வாழ்த்துமடலுக்கு வேண்டாம் என்பது என் கட்சி. அது 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த அளவு. 20 என்றால், குறைந்தது 20 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 20 இருக்கின்றன என்று பொருள். அதே ஆளுக்கு ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் ஒரு எண், கூகுள் ஸ்காலரில் அதைவிடப் பெரிய எண். எங்கே, எந்தத் தேதியில் பார்த்தது என்று சொல்லாத எச்-இன்டெக்ஸ் அரைகுறைத் தகவல். போட்டே தீர வேண்டுமானால் தரவுத்தளத்தின் பெயரும் தேதியும் கூட வர வேண்டும். இதழின் இம்பாக்ட் ஃபேக்டரையும் ஆளின் தலையில் ஏற்றாதீர்கள். அது இதழின் கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோளின் சராசரி. பெரிய இதழில் வந்தும் யாரும் சீண்டாத கட்டுரைகள் ஏராளம்.

2 சதவீதம்: அது விருது இல்லை. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் அயோனிடிஸும் உடன் பணியாற்றுவோரும் ஸ்கோபஸ் தரவை வைத்துத் தயாரிக்கும் பட்டியல். விண்ணப்பம் கிடையாது, நடுவர் கிடையாது, சான்றிதழும் கிடையாது. மேற்கோள் எண்ணிக்கையோடு, தனி ஆசிரியராக, முதல் ஆசிரியராக, கடைசி ஆசிரியராக வந்த கட்டுரைகளின் மேற்கோளையும் சேர்த்து ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். வாழ்நாள் முழுவதற்கும் ஒரு அட்டவணை, அந்த ஒரு வருடத்துக்கு ஒரு அட்டவணை. எதில் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. இருந்தால் "இந்த வருடப் பட்டியலில் இடம்பெற்றவர்" என்று உள்ளே ஒரு வரி போதும். தலைப்புக்கு ஏற்றதல்ல. "ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக விருது" என்று மட்டும் அச்சடித்துவிடாதீர்கள்.

எஃப்.ஏ.எம்.எஸ். கட்டாயம் எடுங்கள். தேசிய மருத்துவ அறிவியல் கழகத்தார் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஃபெல்லோ அது. எம்.என்.ஏ.எம்.எஸ். என்றால் அதே கழகத்தின் உறுப்பினர் தகுதி, தேர்வு வழியாக வருவது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது.

இனி எழுதுகிற விஷயம். ஒரு பத்திக்கு மூன்று கேள்வி: முன்னால் நிலைமை என்ன? இவர் கைபட்டது எது? பின்னால் எது மாறியது? 14 பக்கத்திலிருந்து இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்கிற இரண்டே வேலைகளை எடுங்கள். மற்றதை விழா மலரில் போடலாம்.

வினைச்சொல்லில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். எதற்கெடுத்தாலும் "கண்டுபிடித்தார்". ஆராய்ச்சியில் கண்டறிவது ஒன்று, ஒப்பிட்டு நிறுவுவது ஒன்று, சோதனையைத் தரப்படுத்துவது ஒன்று, களத்தில் மதிப்பிடுவது இன்னொன்று. சளித் தகட்டை (சளியைத் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் கண்ணாடித் தகடு) சரிபார்க்கும் முறையைத் தரப்படுத்தியவரைப் பற்றி "காசநோய்க்கு மருந்து கண்டுபிடித்த" என்று எழுதினால், முன்வரிசையில் இருக்கும் அவருடைய சக ஆராய்ச்சியாளர்கள் முன்னால் அவரைத்தான் கூசவைக்கிறோம்.

பதில் 3: பள்ளத்தூர் பாமினி

சின்ன விஷயம்தான், ஆனால் அழைப்பிதழிலேயே மாட்டுவது இது. "டாக்டர்" என்று போட்டால் எம்.பி.பி.எஸ்.ஸா, பிஎச்.டி.யா தெரியாது. தமிழில் வழி இருக்கிறது: மருத்துவர், முனைவர். மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தவர் எல்லாரும் மருத்துவர் இல்லை. எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படித்து முனைவர் ஆனவர்கள் நிறைய. கேட்டுவிட்டுப் போடுங்கள். "எமெரிட்டஸ்" இருந்தால் தகைசால் விஞ்ஞானி.

12க்கு 18 அங்குலச் சட்டத்தில் 120 சொல் வரைக்கும் தூரத்திலிருந்து வாசிக்கலாம். அதற்கு மேல் போனால் எழுத்து சுருங்கி, சுவரில் அலங்காரமாகத்தான் தொங்கும். அச்சகத்தில் யூனிகோடை பாமினி எழுத்துருவுக்கு மாற்றும்போது கிரந்த எழுத்தும் மேற்கோள் குறியும் புரளும். ப்ரூஃபில் வருடங்களையும் இனிஷியலையும் மட்டும் தனியாக ஒரு தடவை பாருங்கள்.

பதில் 4: தேவகோட்டை ரஸ்தா

பத்ம விருதுக்கு மன்றமும் பரிந்துரைக்கலாம், தனி ஆளும் பரிந்துரைக்கலாம், தானே தன்னைப் பரிந்துரைக்கவும் விதி இடம் தருகிறது. மத்திய அரசின் ராஷ்ட்ரிய புரஸ்கார் இணையதளத்தில் மட்டும்தான், தபாலில் அனுப்புவது கிடையாது. கடைசித் தேதி வருடத்துக்கு வருடம் மாறும்: 2024இல் செப்டம்பர் 15, 2025இல் முதலில் அறிவித்தது ஜூலை 31. பழைய தேதியை நம்பி உட்கார்ந்திருந்தால் ஒரு வருடம் போச்சு.

அரசுப் பணியில் இருப்பவர்களுக்குப் பத்ம விருது கிடையாது. மருத்துவர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் மட்டும் விலக்கு. ஆச்சி ஓய்வுபெற்றவர் என்பதால் அந்தக் கேள்வியே இல்லை.

படிவத்தின் உயிர் 800 சொல்லுக்கு மிகாத விவரிப்பு. பயோடேட்டாவை அப்படியே ஒட்டினால் 800 சொல் பதவிப் பெயர்களிலேயே தீர்ந்துவிடும். நுண்ணோக்கி சொன்ன மூன்று கேள்விப்படி இரண்டு வேலைக்கு 500 சொல், பெற்ற விருதுகளுக்கு 100, உருவாக்கிய மாணவர்களுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் 150 என்று பிரித்துக்கொண்டால் நிற்கும். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு வருடமோ இடமோ எண்ணோ இருக்கட்டும். "அயராது உழைத்தவர்" என்பதைப் படிப்பவர் ஆயிரம் படிவத்தில் பார்த்திருப்பார்.

கிடைத்தாலும் அது பட்டம் அல்ல. பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டக்கூடாது. நம்மூர் பேனர்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது தனி வேலை.

விஞ்ஞானிகளுக்கென்று ராஷ்ட்ரிய விக்ஞான் புரஸ்கார் இருக்கிறது. முதல் தடவையாக 2024இல் கொடுத்தார்கள். அதில் வாழ்நாள் பணிக்கான விக்ஞான் ரத்னாவை முதலில் பெற்றவர், மலேரியா ஒட்டுண்ணி பற்றி ஆராய்ந்த உயிர்வேதியியலாளர் ஜி.பத்மநாபன்.

"நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்" என்று யாராவது பயோடேட்டாவில் எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். பரிந்துரைப் பெயர்களை 50 வருடம் வெளியிடுவதில்லை. "உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று மின்னஞ்சலில் வரும் விருதுகளும் அப்படியே. நடுவர் யார் என்று இருக்காது, கட்டிய எல்லாருக்கும் கேடயம் இருக்கும். கௌரவ டாக்டர் பட்டமும் 1956ஆம் ஆண்டு யு.ஜி.சி. சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி பட்டம் வழங்க உரிமை உள்ள பல்கலைக்கழகம் கொடுத்தால்தான் செல்லும்.

பதில் 5: கானாடுகாத்தான் வளவு

எல்லாரும் ஒற்றை ஆளையே பிடித்துப் பேசுகிறீர்கள். காசநோய் ஆராய்ச்சியில் அது சரிப்படாது.

சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு. வீட்டில் வறுமையும் நெரிசலும். முடிவில் குணம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. உலகம் முழுக்கக் காசநோயாளியைப் படுக்கையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியது அந்த ஆய்வு. 1959இல் உலக சுகாதார நிறுவன இதழில் அது வந்தபோது, ஆசிரியர் இடத்தில் இருந்தது மையத்தின் பெயர். வீடு வீடாகப் போய் மருந்து சாப்பிட்டார்களா என்று பார்த்தவர்கள் எந்த எச்-இன்டெக்ஸிலும் வரமாட்டார்கள்.

1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் தெரியவந்தன. வழிகாட்டியவர் சுனிதி சாலமன். அரசுப் பெண்கள் காப்பகத்துக்குப் போய் ரத்த மாதிரி எடுத்து, வேலூருக்குக் கொண்டுபோனவர் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா. சுனிதிக்கு 2017இல், மறைவுக்குப் பின், பத்மஸ்ரீ வந்தது. நிர்மலாவின் பெயர் பல வருடம் வெளியில் தெரியவே இல்லை.

காலரா நச்சை 1959இல் நேச்சர் இதழில் நிறுவிக்காட்டிய கொல்கத்தாவின் சம்புநாத் டே, 1985இல் இறக்கும்வரை இந்திய அறிவியல் கழகம் எதுவும் அவரை ஃபெல்லோவாக எடுக்கவில்லை. ஆனால் 1978இல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு நோபல் அறக்கட்டளை அவரை அழைத்தது.

அதனால் மடலில் "குழுவில்" என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கட்டும். ஆச்சியோடு வேலை பார்த்த டெக்னீஷியன், களப்பணியாளர் இரண்டு மூன்று பேரை அவரிடமே கேட்டு மேடைக்கு அழையுங்கள். பொன்னாடை விலை ஒன்றும் அதிகமில்லை.

இன்னொன்று. வருடாவருடம் நிற்கிற மாதிரி செய்ய விரும்பினால் அறக்கட்டளைச் சொற்பொழிவு. 5 லட்சத்தை 7 சதவீதத்தில் வைத்தால் வருடம் 35,000. அதில் 10,000ஐ முதலோடு சேர்த்துவிட்டு 25,000த்தில் நடத்துங்கள். இல்லாவிட்டால் பத்து வருடத்தில் பேச்சாளரின் ரயில் கட்டணத்துக்கே பற்றாது. வட்டிக் கணக்கை நம்மூருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, இருந்தாலும் முதலில் இடம் கொடுக்கும் பள்ளியோ கல்லூரியோ எழுத்தில் ஒப்புக்கொள்ளட்டும்.

கோட்டையூர் மன்றச் செயலர்

எல்லாருக்கும் நன்றி. திலகம், சிகரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். முதல் பத்தி இப்போது இப்படி:

"சளித் தகட்டில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று ஒரு ஆய்வுக்கூடம் சொல்வது சரிதானா? முதல் முடிவு தெரியாத இன்னொருவர் அதே தகட்டை மறுபடி பார்த்தால்தான் தெரியும். இந்தச் சரிபார்ப்பு முறையைத் தமிழக ஆய்வுக்கூடங்களில் முதன்முதலாகக் கொண்டுவந்து, கையேடு எழுதி, நூற்றுக்கணக்கானோருக்குப் பயிற்சி தந்தவர் முனைவர் …"

நுண்ணோக்கி

படித்தால் ஆளின் வேலை கண்ணில் தெரிகிறது. மூன்று இடம் பாருங்கள். "முதன்முதலாக" என்பதற்கு ஆதாரம் கையில் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள், வாக்கியம் அது இல்லாமலே நிற்கும். "நூற்றுக்கணக்கானோர்" என்பதற்குப் பயிற்சிப் பதிவேட்டு எண்ணைக் கேளுங்கள், 140 என்றால் 140 என்றே போடுங்கள். கையேட்டின் அட்டையில் எத்தனை பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஒன்றுக்கு மேல் இருந்தால் "எழுதியவர்களில் ஒருவர்". ப்ரூஃப் வந்ததும் ஆச்சியிடம் ஒரு நகல் போகட்டும். அவர் பேனாவால் அடிக்கிற வரி எதுவானாலும் மறுபேச்சு வேண்டாம்.